ப்ளூரேயா, ஓடிடியா, யூடியூபா? அதற்கு முன்னால் ஒரு ஸ்கேன்

இயக்குநர் அரவிந்தனின் 'தம்பு' 1978இல் வந்த மலையாளப் படம். 'கும்மாட்டி' அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. இரண்டையும் தயாரித்தவர் கொல்லத்தைச் சேர்ந்த முந்திரி வணிகர் கே. ரவீந்திரநாதன் நாயர். ஜெனரல் பிக்சர்ஸ் என்ற பெயரில் அரவிந்தனுக்கும் அடூர் கோபாலகிருஷ்ணனுக்கும் அடுத்தடுத்துப் படமெடுக்கப் பணம் கொடுத்தவர் அவர். வசூலை நம்பி அதைச் செய்யவில்லை. அவ்வளவு அக்கறையுள்ள ஒருவர் தயாரித்த படங்களுக்கே ஒரிஜினல் நெகட்டிவ், அதாவது கேமராவில் ஓடிய பிலிம், மிஞ்சவில்லை. புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில், தியேட்டரில் ஓட்ட எடுத்த 35 எம்எம் பிரிண்ட்கள் இருந்ததால் இரண்டும் பிழைத்தன. 'கும்மாட்டி' அந்த பிரிண்ட்களை வைத்துப் புதுப்பிக்கப்பட்டு 2021இல் இத்தாலியின் போலோன்யா விழாவில் திரையிடப்பட்டது. பிரிண்டிலிருந்து எடுத்த டூப் (பிரதி) நெகட்டிவை வைத்துப் புதுப்பித்த 'தம்பு' 2022இல் கான் விழாவுக்குப் போனது.

அதன் பிறகு வேறு மொழிப் படங்களும் வரத் தொடங்கின. அரிபம் ஷ்யாம் சர்மாவின் மணிப்புரிப் படம் 'இஷனோ' 2023இல் கான் விழாவில் வந்தது. கிரீஷ் காசரவள்ளியின் கன்னடப் படம் 'கடஷ்ராத்த' 2024இல் வெனிஸுக்குப் போனது. நிரத் மகாபாத்ராவின் ஒடியாப் படம் 'மாயா மிரிக' அதே ஆண்டு போலோன்யாவில் காட்டப்பட்டது. எல்லாமே சந்தோஷமான செய்திகள். ஆனால் விழா அரங்கில் பார்க்க முடிந்தவர்கள் சில நூறு பேர்தான். மீதிப் பேர் வீட்டில் எப்படிப் பார்ப்பது? அதைவிட முக்கியமாக, கானும் வெனிஸும் கூப்பிடாத நூற்றுக்கணக்கான படங்களின் உரிமையை வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? தயாரிப்பாளரின் மகளாக இருக்கலாம், இயக்குநரின் மனைவியாக இருக்கலாம், ஊரில் உள்ள ஒரு சிறிய திரைப்படச் சங்கமாக இருக்கலாம். கையில் கொஞ்சம் பணம், கொஞ்சம் பழைய பிலிம் டப்பாக்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் படத்தைப் புதுப்பிக்கவும் வெளியிடவும் உள்ள வழிகளை எடைபோட்டுப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். படத்தைப் புதுப்பிப்பது ஒரு முடிவு, வெளியிடுவது இன்னொரு முடிவு. பலர் இரண்டையும் ஒன்றாக்கி, "எந்த ஓடிடி வாங்கும்?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் கேட்கும் தரத்துக்கு மட்டும் ஒரு டிஜிட்டல் பிரதி எடுக்கிறார்கள். வெளியீட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இன்று ஓடிடி, மூன்று ஆண்டு கழித்து டிஸ்க், அப்புறம் யூடியூப் என்று போகலாம். பிலிமை ஃபிரேம் ஃபிரேமாக டிஜிட்டலாக்கும் ஸ்கேன் அப்படி இல்லை. கெட்டுப்போகத் தொடங்கி, சுருங்கி, வளைந்து, வினிகர் வாடை அடிக்கும் ரீல் இன்னொரு பத்து ஆண்டு காத்திருக்காது. அதனால் பணம் குறைவாக இருந்தால் முதல் ரூபாய் ஸ்கேனுக்குப் போகவேண்டும் என்பதே என் கட்சி.

எதிலிருந்து ஸ்கேன் செய்வது? கேமரா நெகட்டிவ் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். படம்பிடித்தபோது ஒளி நேராக விழுந்த பிலிம் அது. இருட்டிலும் வெளிச்சத்திலும் உள்ள நுணுக்கம் அதில்தான் முழுதாக இருக்கும். அதற்கு அடுத்தது, மேலும் பிரதிகள் போடுவதற்காக எடுத்த இடைநிலைப் பிலிம்களான டூப் நெகட்டிவ் அல்லது இன்டர்பாசிட்டிவ். பிரிண்ட் என்பது தியேட்டரில் ஓடுவதற்காகக் கான்ட்ராஸ்ட் கூட்டி எடுத்த பிரதி. நிழல் கறுத்துப் போயிருக்கும், நடுவில் கோடுகள் விழுந்திருக்கும், ரீல் மாற்றும் இடங்களில் சில அடிகள் வெட்டுப்பட்டிருக்கும். கறுப்பு வெள்ளைப் பிரிண்ட் வெள்ளியால் ஆன பிம்பம் என்பதால் ஓரளவு தாங்கும். எழுபதுகளின் கலர் பிரிண்ட்டோ சாயம் மங்கிச் சிவந்துபோயிருக்கும். 'கும்மாட்டி'யில் வடகேரளத்துச் சீமேனி கிராமத்தின் பச்சையும் செம்மண்ணும் வெறும் பின்னணி இல்லை, கதையே அவற்றுக்குள்தான் நடக்கிறது. பிள்ளைகளை விலங்குகளாக மாற்றும் கிழவனும், நாயாகவே தங்கிவிடும் ஒரு பையனும் உலவும் நிலம் அது. அந்தப் பச்சையைப் பிரிண்டிலிருந்து மீட்டது பெரிய வேலை.

கடைசி வழி வீடியோ டேப். தூர்தர்ஷனுக்காக எடுத்த பீட்டாகேம், யூமேட்டிக் பிரதிகள். வேறு எதுவுமே இல்லை என்றால் அதையும் காப்பாற்ற வேண்டியதுதான். ஆனால் டேப்பில் உள்ளதை 4கே என்று பெயர் போட்டு விற்பது பார்ப்பவரை ஏமாற்றுவது. டேப்பில் இல்லாத விவரத்தை மென்பொருள் கற்பனை செய்து நிரப்பும். முகங்கள் மெழுகுபோல ஆகிவிடும். டேப்பை டேப்பாகவே, சுத்தமாக டிஜிட்டலாக்கி, அதன் அசல் அளவிலேயே வெளியிடுவது நேர்மையானது. பார்ப்பவருக்கும் அது உறுத்தாது.

நெகட்டிவைத் தேடுவதற்குத் தென்னிந்தியப் படங்களுக்கு ஒரு நல்ல தொடக்கப் புள்ளி சென்னை. மலையாளம், கன்னடம், தெலுங்கு என்று எந்த மொழியானாலும் பல பத்தாண்டுகள் பிலிம் கழுவியதும் பிரிண்ட் போட்டதும் பெரும்பாலும் சென்னை லேப்களில்தான். லேபுக்குப் பாக்கி வைத்த தயாரிப்பாளரின் நெகட்டிவ் லேபிலேயே தங்கிவிடும். 2010களின் தொடக்கத்தில் டிஜிட்டல் வந்து லேப்கள் ஒவ்வொன்றாகப் பிலிம் வேலையை நிறுத்தியபோது, அங்கே தங்கியிருந்தவற்றுக்குப் பொறுப்பாள் இல்லாமல் போயிற்று. ஆகவே குடும்பத்தில் பழைய ரசீதுகள், லேப் கடிதங்கள் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்த லேப், எத்தனை ரீல், சவுண்ட் நெகட்டிவ் தனியாக இருந்ததா என்பதெல்லாம் அந்தத் தாள்களில்தான் இருக்கும். அப்புறம் புனே காப்பகத்தில் விசாரிக்க வேண்டும். தேசிய விருதுக்கோ, அரசுத் திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமா பிரிவுக்கோ போன படம் என்றால் அங்கே பிரிண்ட் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சரி, மூலம் கிடைத்துவிட்டது. வேலையை யாரிடம் கொடுப்பது?

ஒரு வழி, அறக்கட்டளைகள். சிவேந்திர சிங் துங்கர்பூர் 2014இல் மும்பையில் தொடங்கிய ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன், ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸியின் வேர்ல்டு சினிமா புராஜெக்ட், போலோன்யாவின் சினிமா காப்பகம் ஆகியவை சேர்ந்து செய்ததுதான் 'கும்மாட்டி'. பணம் கொடுத்தது பீட்டில்ஸ் இசைக் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் நிறுவிய மெட்டீரியல் வேர்ல்டு ஃபவுண்டேஷன். இந்த வழியின் பெரிய பலம் ஆராய்ச்சி. உலகத்தில் எங்கெங்கே பிரதி இருக்கிறது என்று தேடி, ஒப்பிட்டு, இருப்பதில் நல்லதை எடுத்துச் செய்கிறார்கள். படத்துக்கு உலக அளவில் ஒரு புதுப் பிறப்பும் கிடைக்கிறது. குறை என்னவென்றால் ஆண்டுக்குச் சில படங்கள்தான் அந்த வாசலில் நுழைய முடியும். விருது வாங்காத, விமர்சகர் யாரும் எழுதாத ஒரு துளு படமோ கொங்கணிப் படமோ அந்த வரிசையில் எப்போது முன்னால் வரும்?

இரண்டாவது, அரசு. தேசியத் திரைப்பட மரபுத் திட்டத்தின் கீழ் சுமார் 2,200 படங்களைப் புதுப்பிக்க 363 கோடி ரூபாய் என்று 2022இல் அறிவித்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு படத்துக்குச் சராசரியாகப் பதினாறரை லட்சம். எண்ணிக்கையைப் பார்த்தால் இதற்கு இணையான முயற்சி நம் நாட்டில் வேறு இல்லை. கண்டுகொள்ளப்படாத படத்துக்கு இடம் கிடைக்க இதில்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் இவ்வளவு படங்களை ஒரே மூச்சில் செய்யும்போது, ஒவ்வொன்றின் ஒளிப்பதிவாளரையும் கூப்பிட்டு உட்காரவைத்து நிறம் சரிபார்க்க நேரம் இருக்குமா என்பது என் கவலை. உரிமையாளர் தானே போய் உட்கார வேண்டும், கேட்க வேண்டும், தொந்தரவு கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, சொந்தச் செலவில் தனியார் ஸ்டுடியோ. இதற்காக வெளிநாடு போகவேண்டிய அவசியமே இல்லை. 'தம்பு'வின் புதுப்பிப்பில் ஒரு பகுதி வேலை சென்னை பிரசாத் நிறுவனத்தில் நடந்ததுதான். திறமை நம் ஊரிலேயே இருக்கிறது. ஆனால் எந்த ஸ்டுடியோவும் நீங்கள் கேட்டதைத்தான் செய்யும். "பளிச்சென்று இருக்கவேண்டும்" என்று கேட்டால் கிரெய்னை எல்லாம் துடைத்துத் தந்துவிடுவார்கள். கிரெய்ன் என்பது அழுக்கு இல்லை, பிலிமில் பிம்பமே அந்தப் பொடிகளால் ஆனது. அதைத் துடைத்தால் தோலின் சொரசொரப்பும் சுவரின் காரையும் சேர்ந்து போய்விடும். கேட்க வேண்டியது வேறு: தூசி, கீறல், ஆட்டம், ஒளித் துடிப்பு இவற்றை எடுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். ஒலியிலும் இதே விதிதான். பிலிமின் ஓரத்தில் ஒலி பதிந்திருக்கும் ஆப்டிகல் டிராக்கின் இரைச்சலைக் குறைக்கலாம். முழுக்க ஒழிக்கப் போனால் குரலின் மூச்சும் ஒழிந்துபோகும்.

நிறத்தைச் சரிபார்க்கும் வேலைக்கு அவசரம் உண்டு. 'தம்பு', 'கும்மாட்டி' இரண்டுக்கும் ஒளிப்பதிவு செய்த ஷாஜி என். கருண் 2025 ஏப்ரலில் மறைந்தார். எழுபது, எண்பதுகளில் கேமரா பிடித்தவர்கள் பலர் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். ஒரு காட்சி அந்தி நேரமா, பகலில் எடுத்த இரவா என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் அதை எடுத்த ஒளிப்பதிவாளர் ஒருவர்தான். புதுப்பிப்பு தள்ளிப்போனாலும் பரவாயில்லை, அவரை இப்போதே உட்காரவைத்து, இருக்கும் பிரதியைப் போட்டுக் காட்டி, காட்சிவாரியாகச் சொல்வதைப் பதிவுசெய்து வையுங்கள். இதற்குப் பெரிய செலவு கிடையாது.

இந்த மூன்றில் நான் எதைச் சொல்வேன்? நெகட்டிவ் நன்றாக இருக்கிறது, பணம் இல்லை என்றால் அரசுத் திட்டத்துக்கோ அறக்கட்டளைக்கோ எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம், டப்பாக்களைக் குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் ஒப்படைத்துவிட்டு. வினிகர் வாடை வந்துவிட்டது என்றால் காத்திருக்கவே கூடாது. கடன் வாங்கியாவது ஸ்கேனை மட்டும் உடனே எடுத்துவிட வேண்டும். தூசி தட்டுவதும் நிறம் திருத்துவதும் ஐந்து ஆண்டு கழித்துக்கூட நடக்கலாம். ஒன்றரை மணி நேரப் படத்தில் ஏறக்குறைய 1,30,000 ஃபிரேம்கள். 4கேயில் ஒவ்வொன்றும் டிபிஎக்ஸ் என்ற படக் கோப்பாகச் சுமார் 50 எம்பி வரும். மொத்தம் ஆறரை டெராபைட். தரவு சேமிக்கும் இன்றைய எல்டிஓ டேப் ஒன்றிலேயே அடங்கிவிடும். இரண்டு பிரதி எடுத்து இரண்டு ஊர்களில் வைக்கலாம்.

இனி வீட்டுக்குக் கொண்டுவரும் வழிகள். தியேட்டர் மறுவெளியீட்டை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 1964இன் 'கர்ணன்' 2012இல் டிஜிட்டலாகி வந்து நன்றாக ஓடியது உண்மை, இப்போதும் மறுவெளியீடுகள் கூட்டம் சேர்க்கின்றன. அது நட்சத்திரப் படங்களுக்கு வாய்க்கும் வழி. யாரும் பார்க்காமல் போன ஒரு படத்துக்கு அந்தக் கூட்டம் முதல் நாளில் வராது.

டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் ப்ளூரே பிளேயர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கண்டுகொள்ளப்படாத படத்துக்கு டிஸ்க்தான் சரியான முதல் வெளியீடு என்று நினைக்கிறேன். தரம் ஒரு காரணம். ஓடிடியில் ஒன்றரை மணி நேரப் படம் நொடிக்கு 5 மெகாபிட் என்ற அளவில் வந்தால் மொத்தம் மூன்றரை ஜிபிகூட இல்லை. ப்ளூரேயில் அதே படத்துக்கு 20 ஜிபி தாராளமாக ஒதுக்கலாம். நட்சத்திரங்கள் சிரிக்கும் பளிச்சென்ற பாட்டுக் காட்சியில் இந்த வித்தியாசம் தெரியாமல் போகலாம். பாரதப்புழைக் கரை மணலில் சர்க்கஸ் கூடாரம் அடிக்கும் 'தம்பு'வின் நீண்ட கறுப்பு வெள்ளைக் காட்சிகளில் தெரியும். கிரெய்னும் மணலும் ஆற்று நீரும் குறைந்த பிட்ரேட்டில் கட்டம் கட்டமாகச் சிதறிப்போகும்.

தரத்தைவிடப் பெரிய காரணம், டிஸ்க் போன இடத்தில் தங்குகிறது. நூலகத்தில், பல்கலைக்கழகத்தில், சேகரிப்பவர் அலமாரியில். அதோடு ஒரு சிறுநூல், ஒரு பேட்டி, ஒரு கட்டுரை சேர்ந்து போகிறது. முன்பின் தெரியாத படத்தைப் பார்க்க வரும் ஒருவருக்கு இந்த அறிமுகம் தேவை. அடூரின் 'எலிப்பத்தாய'த்தை லண்டனின் செகண்ட் ரன் நிறுவனம் டிஸ்க்காக வெளியிட்டது இந்த முறையில்தான். சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் நடனக் கலைஞர் உதய் சங்கர் எடுத்த 'கல்பனா' (1948), புதுப்பிக்கப்பட்டு 2012இல் கானில் காட்டப்பட்டது. அமெரிக்காவின் கிரைட்டீரியன் வெளியிட்ட வேர்ல்டு சினிமா புராஜெக்ட் பெட்டித் தொகுப்பில் சேர்ந்தது 2022இல். பத்து ஆண்டு இடைவெளி. டிஸ்க் வழியின் பலவீனமும் இதுவே: மெதுவானது, நிறுவனங்கள் வெளிநாட்டில் இருக்கின்றன, நம் ஊருக்கு வரும்போது விலை ஏறிவிடுகிறது. போதாததற்கு, ஒரு பகுதியின் டிஸ்க்கை வேறு பகுதிப் பிளேயரில் ஓடவிடாத ரீஜன் பூட்டு. ப்ளூரேயில் பிரிட்டன் பி, அமெரிக்கா ஏ, இந்தியா சி. கர்நாடகத்துப் படத்தின் டிஸ்க் கர்நாடகத்துப் பிளேயரில் ஓடாமல் போவதைப் போன்ற அநியாயம் வேறு இல்லை. பூட்டில்லாத டிஸ்க்காக வெளியிட வேண்டும் என்பதை உரிமையாளர் முதல் பேச்சிலேயே வலியுறுத்த வேண்டும்.

ஓடிடி இதற்கு நேர் எதிர். வேகமாக வரும், கைபேசியில் வரும், சிற்றூரிலும் வரும். ஆனால் பெரிய தளங்களில் சிறிய படம் தொலைந்துபோகிறது. தேடுபவருக்குப் பெயர் தெரிந்திருந்தால்தான் கிடைக்கும். உரிமக் காலம் முடிந்ததும் சத்தமில்லாமல் எடுத்துவிடுவார்கள், நேற்று இருந்த படம் இன்று இருக்காது. பிரத்தியேக உரிமை கேட்பார்கள், அந்தக் காலம் முழுக்க நீங்கள் வேறெங்கும் காட்ட முடியாது. 'கும்மாட்டி' போன்ற ஒரு 1979 படத்துக்கு நம் சட்டப்படி 2039 முடியும்வரை காப்புரிமை உண்டு. ஒரு தொகை கையில் வருகிறது என்பதற்காக அதை நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிடும் குடும்பங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. படத்தின் முழு உரிமையையும் கைமாற்றிவிடும் பழைய நெகட்டிவ் ரைட்ஸ் விற்பனையில் இந்தத் துயரம் போதுமான அளவு நடந்திருக்கிறது.

பெரிய தளங்களைவிட, ஒரு படத்துக்கு ஒரு கட்டணம் என்ற முறை சிறிய படங்களுக்குப் பொருந்துகிறது. கேரள அரசு 2024 மார்ச்சில் தொடங்கிய சி ஸ்பேஸ் தளத்தில் முழுநீளப் படத்துக்கு 75 ரூபாய், அதில் பாதி தயாரிப்பாளருக்கு. பார்ப்பவர் எத்தனை பேர் என்று உரிமையாளருக்குத் தெரிகிறது, பணத்துக்கும் பார்வைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. தமிழிலும் கன்னடத்திலும் இப்படி ஒன்று அரசு பொறுப்பில் வந்தால் எவ்வளவோ படங்கள் வெளியே வரும்.

யூடியூபைப் பலர் கேவலமாகப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்டுகொள்ளப்படாத படங்கள் பலவற்றை நாம் முதலில் பார்த்ததே அங்கேதான்: சேனல் முத்திரை மூலையில், தலை வெட்டுப்பட்ட அகலத் திரையில், பாட்டுகள் நீக்கப்பட்ட நிலையில். அந்த மோசமான பிரதிகள் எப்படியும் அங்கே கிடக்கப் போகின்றன. உரிமையாளரே நல்ல பிரதியை, படம் எடுத்த அசல் சட்டக அளவில், முத்திரை இல்லாமல் ஏற்றினால் மோசமானதற்கு மதிப்புப் போய்விடும். ஆனால் முதல் நாளே இலவசமாகப் போட்டால் டிஸ்க் நிறுவனமும் கட்டணத் தளமும் பின்வாங்கிவிடும். ஆகவே என் வரிசை இது: முதலில் டிஸ்க், கூடவே ஒரு படத்துக்கு ஒரு கட்டணம் என்ற தளம், மூன்று நான்கு ஆண்டு கழித்து யூடியூப். பெரிய ஓடிடி கேட்டால், பிரத்தியேகம் இல்லாமல், காலவரையோடு மட்டும்.

இந்த ஒப்பீட்டில் யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று சப்டைட்டில். புதுப்பித்து வரும் இந்தப் படங்கள் பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டிலோடு நின்றுவிடுகின்றன. சீமேனியின் பிள்ளைகளைப் போலோன்யாவில் உள்ளவர் புரிந்துகொள்கிறார், கோயம்புத்தூரில் உள்ள ஒரு பாட்டியும் பேத்தியும் புரிந்துகொள்ள வழி இல்லை. 'கும்மாட்டி' சிறுவர்களுக்கான படம் என்பதை நினைத்தால் இது இன்னும் வலிக்கிறது. ஸ்கேனுக்கும் நிறத் திருத்தத்துக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால், தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சப்டைட்டில் எழுதுவது மிகச் சிறிய தொகை. ஆனால் பார்ப்பவர் கூட்டத்தைப் பல மடங்கு பெருக்குவது அதுதான். கன்னடமும் மலையாளமும் தெரிந்த நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் தமிழில் இருக்கிறார்கள். அவர்களிடம் உரையாடலை மட்டும் கொடுத்தால் போதாது. நாட்டுப்பாடலின் வரிகளையும் கேட்டு வாங்க வேண்டும், காவாலம் நாராயணப் பணிக்கரின் பாட்டு புரியாமல் 'கும்மாட்டி'யைப் பாதிதான் பார்க்க முடியும்.

ஒப்பந்தம் எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. ஸ்டுடியோவிடமிருந்து திருத்திய பிரதி மட்டும் இல்லாமல், திருத்தாத மூல ஸ்கேன் கோப்புகளும், சவுண்ட் நெகட்டிவிலிருந்து எடுத்த மூல ஒலியும் உங்கள் கைக்கு வரவேண்டும். ஸ்கேன் முடிந்ததும் பிலிமை வீசிவிடக் கூடாது, காப்பகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். இருபது ஆண்டு கழித்து இன்னும் நல்ல ஸ்கேனர் வரும். டிஸ்க், ஓடிடி, தொலைக்காட்சி, இணையம் என்று ஒவ்வொரு உரிமைக்கும் தனித்தனியாக ஆண்டுகளைக் குறிக்க வேண்டும், "இனி வரவிருக்கும் எல்லா வடிவங்களும்" என்ற வரி இருந்தால் அடித்துவிட வேண்டும். படத்தைச் சட்டகம் மாற்றியோ வெட்டியோ காட்டக் கூடாது என்ற வரி கட்டாயம். சப்டைட்டிலை எந்த நிறுவனம் எழுதினாலும் அதன் கோப்பின் ஒரு பிரதியும், வேறு இடங்களில் அதைப் பயன்படுத்தும் உரிமையும் உங்களுக்கு உண்டு என்பதையும் அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.